ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

கேள்வி: அக்கா, நான் கொடைக்கானல் மலையில் இருக்கிற பண்ணைக்காடு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே ஆண்ட்ராய்டு படித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவின் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களுக்கு எடை போட்டுக் கூலி எழுதுகிற நோட்டை ஒரு ஆப்பாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பது அண்ணன் 2018-ல் வாங்கிய லேப்டாப்: ஐ5-8250யூ, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தால், புராஜெக்டைத் தயார் செய்கிற கிரேடில் சிங்க் முடியவே கால் மணி நேரம் ஆகிறது. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போன் போல ஓடுகிற எமுலேட்டரையும் ஓடவிட்டால் மவுஸ் கூட நகர்வதில்லை. மதுரையில் ஒரு கடையில் கேட்டதற்கு, இந்த வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் வேண்டும், 85,000 ஆகும் என்றார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. வாங்கலாமா? ஆப் எழுத இன்னொரு வழியான ஃப்ளட்டருக்கு மாறினால் இந்த லேப்டாப்பே போதும் என்கிறாள் என் தோழி, அது சரியா? நாளைக்கு ஐபோனுக்கும் ஆப் செய்ய வேண்டும் என்றால் என்ன செய்வது?

பதில்:

நகையை அடகு வைக்க வேண்டாம். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மற்றதைப் படி.

நீ எழுதியிருக்கிற அறிகுறிகளைப் பார்த்தால் உன் லேப்டாப்பின் பிராசசர் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐ5-8250யூ நான்கு கோர் உள்ளது. அதற்கு முந்தைய தலைமுறையில் இதே இடத்தில் இருந்த ஐ5-7200யூ-வுக்கு இரண்டு கோர்தான், அந்த வகையில் உன் அண்ணன் நல்ல நேரத்தில் வாங்கியிருக்கிறார். சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ராம் பற்றவில்லை, ராம் பற்றாத நேரத்தில் விண்டோஸ் போய் நிற்கிற இடம் ஒரு பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்தப் பிராசசரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

ஸ்டூடியோ ஏன் இவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது தெரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று நீயே பிரித்துவிடுவாய். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை ஒரே ஒரு சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்; நீ ரன் பட்டனை அழுத்துகிற நொடியில் உண்மையில் நான்கு பெரிய ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்து உட்காருகிறார்கள். ஒன்று ஸ்டூடியோ: இன்டெல்லிஜே ஐடியா என்ற எடிட்டரின் மேல் கட்டப்பட்டது, ஜாவா மெய்நிகர் எந்திரத்தில் ஓடுகிறது, அதன் ஹீப்புக்கு (ராமில் அதற்கென்று ஒதுக்குகிற இடம்) மட்டும் ஏறக்குறைய 2 ஜிபி வரம்பு, ஹீப்புக்கு வெளியே எடுத்துக்கொள்வது தனி. இரண்டாவது கிரேடில் டீமன், அதாவது பின்னணியில் ஓடி உன் ஆப்பைக் கட்டித் தருகிற புரோகிராம். இது ஸ்டூடியோவுக்கு வெளியே தனியாக ஓடுகிற இன்னொரு ஜாவா. புதுப் புராஜெக்ட் தொடங்கும்போதே இதற்கு 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதித்தான் வருகிறது. மூன்றாவது, நீ கோட்லின் மொழியில் எழுதுவதை மாற்றித் தருகிற கோட்லின் கம்பைலரின் டீமன், அதுவும் தனி ஜாவா. நான்காவது எமுலேட்டர். உள்ளே ஓடுகிற ஆண்ட்ராய்டுக்கே 2 ஜிபி, அதைத் தாங்கி நிற்கிற எமுலேட்டருக்கு அதற்கு மேலும் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸ் இரண்டரை, மூன்று ஜிபியைப் பிடித்து வைத்திருக்கிறது, பாடம் பார்க்கத் திறந்து வைத்த குரோம் டேப்கள் வேறு. கூட்டிப் பார்த்தால் 8 எப்போதோ தாண்டிவிட்டது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், நீயே பார். ஸ்டூடியோவில் உன் புராஜெக்டைத் திறந்து எமுலேட்டரையும் ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார். அங்கே ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்று ஒன்று, அப்புறம் ஓபன் ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி என்று ஒன்றோ இரண்டோ இருக்கும்; நிறையப் பேர் அதை ஏதோ வைரஸ் என்று நினைத்து பயப்படுகிறார்கள், அதுதான் கிரேடிலும் கோட்லினும். கியூஎமு என்று தொடங்குகிற பெயர் எமுலேட்டர். இப்போது பக்கத்திலேயே டிஸ்க் என்ற பத்தியைப் பார். மவுஸ் நின்றுபோகிற அந்த நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிராசசர் முப்பதோ நாற்பதோ காட்டும். ராமில் இடம் இல்லாததால் விண்டோஸ் ஒரு பகுதியைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதுகிறது, உடனே அதே பகுதி மறுபடி தேவைப்படுகிறது, திரும்பப் படிக்கிறது, மறுபடி எழுதுகிறது. வீட்டில் இடமில்லை என்று அண்டாவைக் கொண்டுபோய் வத்தலகுண்டில் வைத்துவிட்டு ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் மலை இறங்கி ஏறுகிற கதைதான்.

அதனால் என் யோசனை: முதலில் எஸ்எஸ்டி (சுழலாத, சிப்பால் ஆன டிஸ்க்), இரண்டாவது ராம், எமுலேட்டருக்குப் பதிலாகக் கையில் இருக்கிற போன். இந்த மூன்றும் சேர்ந்தாலும் அந்த 85,000-ல் சின்னப் பங்குதான் ஆகும்.

எஸ்எஸ்டியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆண்ட்ராய்டு பில்ட், அதாவது நீ எழுதியதை ஆப்பாகக் கட்டுவது, ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களைப் படித்து எழுதுகிற வேலை. 2018 லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் போட்டுக் கொடுத்தார்கள். பெரிய சினிமாப் படம் ஒன்றைக் காப்பி செய்தால் அது நொடிக்கு 100 எம்பி அளவுக்கு ஓடும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற சின்ன ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் அதன் முள் நகர்ந்து போய் நிற்க வேண்டும், நொடிக்கு நூறு முறை நகர்ந்தாலே அதிகம். எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்குப் பக்கத்தில் படிக்கும், சின்ன ஃபைல்களில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ராம் நிரம்பி வழிந்தாலும் எஸ்எஸ்டி இருந்தால் லேப்டாப் மெதுவாகுமே தவிர உறைந்து நிற்காது.

வாங்கும்போது 256 ஜிபி வேண்டாம், 500 அல்லது 512 பார். ஸ்டூடியோ, எஸ்டிகே என்கிற ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு, ஒவ்வொரு எமுலேட்டர் இமேஜும் சில ஜிபி, நீ கவனிக்காமலே வளர்கிற டாட் கிரேடில் ஃபோல்டர், எல்லாம் சேர்ந்தால் 256 சீக்கிரம் மூச்சு முட்டும். உன் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்தில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி நேராக உட்காரும், அதில் குழப்பம் இல்லை. அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் எம்.2 என்கிற சின்ன ஸ்லாட்டும் காலியாக இருக்கும். அதில் சில சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ-யை ஏற்கும், வெளியே பார்த்தால் தெரியாது, மாடலின் கையேட்டில்தான் இருக்கும். அது தெரியாமல் எம்.2 வாங்காதே. எஸ்எஸ்டி போட்ட கையோடு பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்யாமல் புதிதாக விண்டோஸ் 11 போட்டுக்கொள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, உன் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடாதே, ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.

அடுத்தது ராம். அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் வேலை சுலபம்: இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகினால் 16. இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் ஒன்றை எடுத்துவிட்டுப் பெரியதாகப் போட வேண்டும். சில மெல்லிய மாடல்களில் 4 ஜிபி போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பார்கள், மீதி 4 ஸ்லாட்டில் இருக்கும். அப்படியென்றால் ஸ்லாட்டில் இருப்பதை எடுத்துவிட்டு 8 போட்டு 12 ஆக்கலாம், 12-உம் உனக்குப் போதும். நீ கேட்டு வாங்க வேண்டியது டிடிஆர்4, லேப்டாப்புக்கான சோடிம். உன் பிராசசர் 2,400 வேகத்தில்தான் ஓட்டும். கடையில் 3,200 கொடுத்தாலும் பரவாயில்லை, அது இறங்கி 2,400-லேயே ஓடும். டெஸ்க்டாப் ராம் நீளமானது, உள்ளே போகாது. டிடிஆர்3எல் என்றாலும் வெட்டு இருக்கிற இடம் வேறு, அழுத்திப் பார்க்கவே கூடாது.

மெமரி விலை ஏறிக் கிடக்கிற காலம் இது. ஏஐ-க்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் நம் லேப்டாப் ராம் வரைக்கும் அதன் சூடு வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்கக் கை கொடுக்கவில்லை என்றால் எஸ்எஸ்டியை மட்டும் இப்போது போடு, ராமைப் பிறகு பார்க்கலாம். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ராம் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், ராம் அவ்வளவு எளிதில் தேய்கிற பொருள் இல்லை; போட்ட அன்றைக்கே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓடவிட்டுப் பார்த்துக்கொள், பிழை காட்டினால் மாற்றித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடு.

செருகுவதற்கு ஆள் தேவையில்லை, நீயே செய்யலாம். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்து, பின் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் கனெக்டரை எடுத்துவிடு. ஒரு இரும்புப் பொருளைத் தொட்டுக் கையில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு, ராமைச் சாய்வாகச் செருகி, தங்க நிறக் கோடு கண்ணில் படாத அளவுக்கு உள்ளே போனதும் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் கிளிப் டக்கென்று பிடிக்கும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை. நம் ஊரில் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மார்கழிக் குளிரில் வெளியே கொண்டுபோன லேப்டாப்பையோ, பஸ்ஸில் வந்த பார்சலையோ வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே திறந்து கரண்ட் கொடுக்காதே. குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் பூக்கும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு தொடு. மூடியைக் கழற்றிய அன்றைக்கே விசிறியில் படிந்த தூசியையும் ஒரு சின்ன பிரஷ்ஷால் எடுத்துவிடு. இத்தனை வருடத் தூசி பிராசசரின் வேகத்தை நிச்சயம் பிடித்து வைத்திருக்கும்.

இப்போது எமுலேட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கஷ்டத்தில் பாதி இதுதான். கூகுள் தன் பக்கத்தில் போட்டிருக்கிற கணக்கே இப்படித்தான் பிரிகிறது: ஸ்டூடியோவுக்கு மட்டும் என்றால் குறைந்தது 8 ஜிபி ராம், எமுலேட்டரும் சேர்ந்தால் 16, பரிந்துரைப்பது 32. 2014 டிசம்பரில் ஸ்டூடியோவின் முதல் பதிப்பு வந்தபோது 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி பரிந்துரை. அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறோம். அதே பக்கத்தில் எமுலேட்டருக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி வேண்டும் என்றும் இருக்கிறது. கடைக்காரர் சொன்னது அங்கிருந்து வந்திருக்கலாம், அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. உன்னுடையதைப் போல எண்ணின் கடைசியில் யூ வருகிற பிராசசர்களைப் பரிந்துரைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். பயப்படாதே. அது பெரிய டீமில், பல மாட்யூல்கள் உள்ள புராஜெக்டை நாள் முழுக்க பில்ட் செய்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. கூலிக் கணக்கு ஆப் ஒன்றுக்கு உன் பிராசசர் தாராளம், பில்ட் கொஞ்சம் மெதுவாக முடியும், அவ்வளவுதான்.

எமுலேட்டரை எடுத்துவிட்டால் மூன்று, நான்கு ஜிபி அந்த இடத்திலேயே மிச்சம், கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சே போய்விடும். உன் போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் போய் பில்ட் நம்பர் என்று இருப்பதை ஏழு முறை தட்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து கேபிளில் இணைத்தால் ஸ்டூடியோவின் மேலே எமுலேட்டர் பெயர் இருக்கிற இடத்தில் உன் போன் பெயர் வந்துவிடும். வரவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் இருக்கின்றன, டேட்டா போகிற கேபிளா என்று பார். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் கேபிளே வேண்டாம், வைஃபையில் வயர்லெஸ் டிபக்கிங் உண்டு. போன் திரையை ஸ்டூடியோவுக்குள்ளேயே காட்டுகிற வசதியும் இருக்கிறது.

ராம் மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உன் ஆப்பை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று யோசி. தோட்டத்தில் நின்று எடை போடுகிற மேஸ்திரியின் கையில் 3 ஜிபியோ 4 ஜிபியோ ராம் உள்ள விலை குறைந்த போன் இருக்கும், அதில் வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருக்கும். நீ பட்டனைச் சின்னதாக வைத்தால் காபிப் பழத்தின் பிசின் ஒட்டிய விரலால் அவரால் அழுத்த முடியாது. நிழல் மரத்துக்கு அடியில் சிக்னல் கிடைக்காது, அதனால் எடை எல்லாம் முதலில் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும், ரூம் டேட்டாபேஸ் அதற்குத்தான் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட 85,000 ரூபாய் லேப்டாப்பில் வேகமாக ஓடுகிற எமுலேட்டர் உனக்குச் சொல்லாது. அங்கே எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடும், தோட்டத்தில் திணறும். முடிந்தால் அந்த மேஸ்திரியின் போனையே ஒரு மத்தியானம் கடன் வாங்கி அதில் சோதித்துப் பார். டேப்லெட், மடக்கு போன் மாதிரி வேறு திரை அளவுகளைப் பார்க்க வேண்டிய அன்றைக்கு மட்டும் எமுலேட்டரைத் திற. அப்போது குரோமை மூடிவிடு, லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்ஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார். அது இல்லாமல் எமுலேட்டரை ஓட்ட முயல்வது வீண்.

கால் மணி நேர சிங்க்கில் ஒரு பகுதி லேப்டாப்பின் தப்பே இல்லை என்று நினைக்கிறேன். ஸ்டூடியோவின் கீழே பில்ட் விண்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு சிங்க் கொடு. டவுன்லோடு என்ற வரிகளே நகராமல் நின்றால் அது உன் இன்டர்நெட். முதல் முறை கிரேடிலும் லைப்ரரிகளும் ஜிபி கணக்கில் இறங்கும், மழை நாளில் நம் மலையில் டேட்டா எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஒரு முறை முழுதாக இறக்கிவிட்டால், அதன்பின் கிரேடிலை ஆஃப்லைன் மோடில் வைத்துக்கொள், புது லைப்ரரி சேர்க்கிற அன்றைக்கு மட்டும் எடுத்துவிடு. யாரோ சொன்னார்கள் என்று தினமும் கேஷை (இறக்கிச் சேர்த்து வைத்த ஃபைல்களை) அழிக்காதே. அழித்தால் அத்தனையும் திரும்ப இறங்க வேண்டும்.

செட்டிங்ஸில் இன்னும் சில விஷயங்கள். விண்டோஸ் டிஃபெண்டர் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் திறந்து பார்ப்பதால் பில்ட் தாமதமாகும். புராஜெக்டைத் திறந்ததும் ஸ்டூடியோவே இந்த ஃபோல்டர்களை விலக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடு. நீ தொடாத பிளகின்களை அணைத்து வை. கோட்லின் கம்பைலர் தனி டீமனாக ஓடாமல் கிரேடிலுக்குள்ளேயே ஓடும்படி கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்கலாம், 8 ஜிபியில் இருக்கிற வரைக்கும் அது உதவும். ஆனால் யூடியூபில் பார்த்து ஸ்டூடியோவின் ஹீப்பை 4 ஜிபி, 6 ஜிபி என்று ஏற்றிவிடாதே. இல்லாத ராமை எழுதி வைத்தால் வந்துவிடாது, விண்டோஸ் இன்னும் சீக்கிரம் டிஸ்குக்கு ஓடும். அப்புறம், வேலை முடிந்து ஸ்டூடியோவை மூடினாலும் கிரேடில் டீமன் 3 மணி நேரம் வரை பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும். அடுத்து வேறு வேலை இருக்கிறது என்றால் டெர்மினலில் கிரேடில் ஸ்டாப் கட்டளை கொடுத்து அதை எழுப்பி அனுப்பிவிடு.

சரி, கேமிங் லேப்டாப்பை ஏன் வேண்டாம் என்கிறேன்? கோட்லினைக் கம்பைல் செய்கிற வேலையில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பங்கே இல்லை. நீ கொடுக்கிற பணத்தில் பெரிய பகுதி அதற்குத்தான் போகும். அதோடு கரண்ட் விஷயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் பண்ணைக்காட்டில் எப்போது கரண்ட் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. உன் இப்போதைய லேப்டாப் 45 அல்லது 65 வாட் சார்ஜரில் ஓடும், வீட்டு இன்வெர்ட்டர் அதை நீண்ட நேரம் தாங்கும். கேமிங் லேப்டாப்புக்கு 150, 200 வாட் சார்ஜர். பேட்டரியில் ஓட்டினாலோ வேகத்தைப் பாதியாக இறக்கிக்கொள்ளும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து உன் பழைய லேப்டாப்புக்குப் புது பேட்டரி போட்டுவிடு, இத்தனை வருடத்தில் அது நிச்சயம் இளைத்திருக்கும். பில்ட் நடுவில் கரண்ட் போய் லேப்டாப்பும் அணைந்தால் கேஷ் கெட்டுப்போய் அடுத்த பில்டில் புரியாத பிழைகள் வரும், அது புதிதாகப் படிக்கிறவர்களை ரொம்ப வதைக்கும். நீ எழுதிய புரோகிராமை இணையத்தில் சேமித்து வைக்கிற கிட் ரிப்பாசிட்டரிக்கு அன்றாடம் தள்ளிவிடும் பழக்கத்தையும் இப்போதே பிடித்துக்கொள்.

பின் மூடியைத் திறந்து பார்த்து, ராம் மொத்தமும் பற்ற வைத்தது, ஸ்லாட்டே இல்லை என்றால் மட்டும் வேறு லேப்டாப் யோசிக்கலாம். அப்போதும் புதிது தேவையில்லை. கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப்கள் நன்றாகக் கிடைக்கின்றன. லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்று: இரண்டு ராம் ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற பேட்டரி ஒன்று, வெளிப் பேட்டரியை ஆஃப் செய்யாமலே மாற்றலாம், நம் ஊர் கரண்டுக்கு ஏற்ற பொருள். டெல் லாட்டிட்யூட் 5490-லும் இரண்டு ஸ்லாட். பெயர் ஒட்டி இருக்கிறதே என்று டி480எஸ் வாங்கிவிடாதே, அதில் ஒரு பகுதி ராம் போர்டோடு பற்ற வைத்தது. எதை வாங்கினாலும் உன் 8250யூ போல இன்டெல் எட்டாம் தலைமுறைப் பிராசசருக்குக் கீழே போகாதே. எதிர்காலத்தில் சம்பாதித்துப் புதிது வாங்குகிற அன்றைக்கு, 16 ஜிபியோடு ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும் என்று கேள். 8 ஜிபி பற்ற வைத்து மேலே ஏற்ற வழியில்லாத மெல்லிய லேப்டாப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதே.

ஃப்ளட்டர் பற்றி உன் தோழி சொன்னது பாதி சரி. ஃப்ளட்டரிலும் ஆண்ட்ராய்டுக்கான பில்டைக் கிரேடில்தான் செய்கிறது, எஸ்டிகே அதேதான், முதல் பில்ட் அதே அளவு இழுக்கும். மிச்சம் எங்கே வருகிறது என்றால், ஸ்டூடியோவுக்குப் பதில் விஎஸ் கோடில் எழுதலாம், அது இலகுவானது. அப்புறம் ஹாட் ரீலோட் இருப்பதால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் முழு பில்ட் கொடுக்க வேண்டியதில்லை. 8 ஜிபியில் போனையும் விஎஸ் கோடையும் வைத்து ஃப்ளட்டர் ஓட்டுவது முடிகிற காரியம். ஆனால் லேப்டாப் இழுக்கிறது என்பதற்காக மொழியை மாற்றாதே. நீ இதுவரை கோட்லின் படித்திருக்கிறாய், மாமாவின் தோட்டத்தில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு போன்தான், கோட்லினிலேயே முடி.

ஐபோன் ஆப்பை பில்ட் செய்ய எக்ஸ்கோடு என்கிற ஆப்பிளின் சாஃப்ட்வேர் வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும். எந்த கேமிங் லேப்டாப்பும் அந்தக் கதவைத் திறக்காது. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடத்துக்கு 99 டாலர் வேறு. வாடிக்கையாளர் ஒருவர் ஐபோன் ஆப் கேட்டுப் பணமும் தருகிற அன்றைக்கு அதைப் பார்க்கலாம். அதுவரைக்கும் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற மேக் பில்ட் சேவைகளே போதும்.

பிளே ஸ்டோருக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். அதில் ஒரு விஷயத்தை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்: தனிநபர் கணக்கு புதிதாகத் திறந்தால், ஆப்பை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. தோட்டத்து ஆட்களையும் உன் வகுப்புத் தோழிகளையும் சேர்த்தால் 12 பேர் கிடைத்துவிடுவார்கள். பறிப்புத் தொடங்குவதற்கு முன் இந்த இரண்டு வாரம் உன் கணக்கில் இருக்கட்டும்.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதையும், டாஸ்க் மேனேஜரில் அந்த மெமரி பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பு. எம்.2 ஸ்லாட் எந்த வகை, ராம் எத்தனை வரை ஏற்கும் என்று பார்த்து எழுதுகிறேன், அதன் பிறகு கடைக்குப் போ.